நஞ்சை வீட்டுமனையான கதை

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று சில நாட்கள் எண்ணிப் பார்த்தேன். நான் இக்கல்லூரியில் 1981 முதல் 1984 வரை பொருளியல் பயின்றவன். பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நிலம், உழைப்பு, மூலதனம், தொழில் அமைப்பு என உற்பத்திக் காரணிகள் நான்கு என்று இங்கேதான் மனப்பாடம் செய்தோம். அவற்றுள் முதலாவதாகிய நிலம் எப்படி உருமாறும் என்பதைப் பாடநூலில் படிப்பதற்கு முன்பே எங்கள் ஊரில் கண்ணாரக் கண்டிருந்தேன். அதையே எழுதுகிறேன்.

என் ஊர் வேளச்சேரி. இன்று அப்பெயரைச் சொன்னால் மாணவ நண்பர்களுக்குப் பறக்கும் ரயில் நிலையமும், அடுக்குமாடிகளும், பெரிய அங்காடிகளும், மழைக்காலத்தில் படகு விடும் தெருக்களும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது இரண்டு பத்திரங்கள். ஒன்று, 1979-ல் என் தந்தையார் எங்கள் 80 சென்ட் நஞ்சையை விற்ற பத்திரத்தின் நகல். மற்றொன்று, 1986-ல் என் தமையனார் அதே நஞ்சையில் ஒரு மனையை விலைக்கு வாங்கிய பத்திரம். முதல் பத்திரத்தில் வடக்கெல்லை ‘பாசன வாய்க்கால்’ என்று இருக்கிறது. இரண்டாவதில் வடக்கெல்லை ‘20 அடி பொதுச் சாலை’ என்று இருக்கிறது. இரண்டும் ஒரே இடம். ஒரு கிராமம் நகரக் குடியிருப்பாக மாறிய வரலாறு முழுவதும் இந்த இரண்டு சொற்றொடர்களுக்கு நடுவில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. அதைப் படிப்படியாக விளக்க முயல்கிறேன்.

ஊர் அமைந்திருந்த விதம்

வேளச்சேரி பழமையான ஊர். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெளிச்சேரி’ என்று குறிக்கப்படுவது. தண்டீசுவரர் கோயிலும் செல்லியம்மன் கோயிலும் அப்பழமைக்குச் சான்றாக நிற்கின்றன. நான் பிறந்த காலத்தில் அது செங்கற்பட்டு மாவட்டம் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த கிராமம். செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத பகுதி. ஆதலால் மழை நீரை ஏரியில் தேக்கியே நம் முன்னோர் உழுதார்கள்.

ஏரியை நம்பிய ஊருக்கு ஓர் அமைப்பு உண்டு. மேடான இடத்தில் நத்தம், அதாவது குடியிருப்பு. ஏரிக் கரைக்குக் கீழே, மதகு நீர் தானாகவே பாயும் தாழ்வில் நஞ்சை. நீர் ஏறாத மேட்டில் புஞ்சை. அதற்கப்பால் மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு. ஏரி நிரம்பினால் மிகுந்த நீர் கலங்கல் வழியாக வெளியேறும். எங்கள் பகுதியில் அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்ந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிச் செல்லும். மதகைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்று பகிர்வதும் நீர்க்கட்டியின் வேலை. எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுதுவது கர்ணத்தின் வேலை. சம்பா, நவரை, சொர்ணவாரி என்ற பருவங்களைச் சொல்லியே எங்கள் வீட்டில் மாதக் கணக்குப் பேசுவார்கள்.

இங்கே ஒன்றை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். நஞ்சை என்பது வெறும் வளமான நிலம் அன்று. அது நீர் வந்து சேரும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட தாழ்வான நிலம். வீட்டுக்கு மேடு, நெல்லுக்குப் பள்ளம் என்று பிரித்து வைத்ததுதான் கிராமத்தின் முதல் நகரமைப்புத் திட்டம். இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இது தேவைப்படும்.

வயலை விட்டு முதலில் வெளியேறியவர்

கிராமம் நகரமாவது மனை விற்கும் நாளில் தொடங்குகிறது என்று பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது நிலத்துக்கு உரியவன் வயலில் இறங்குவதை நிறுத்தும் நாளில் தொடங்குகிறது. 1958-ல் கிண்டியில் தொழிற்பேட்டை வந்தது. 1959-ல் எங்கள் ஊரின் வடகிழக்கு எல்லையை ஒட்டிய காட்டுப்பகுதியில் ஐ.ஐ.டி. தொடங்கப்பெற்றது. சைக்கிளில் போய் வரும் தூரத்தில் மாதச் சம்பளம் கிடைத்தது. ஏரி பொய்த்தாலும் சம்பளம் பொய்க்காது. என் தந்தையார் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் கடைசல் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் 80 சென்ட் நிலத்தை வாரத்துக்கு விட்டார்.

வாரத்துக்கு எடுத்தவர் ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்தவர். நான் அவரை மாமா என்று அழைப்பேன். அவருடைய மகன் என் வகுப்புத் தோழன். பத்திரமோ, ரசீதோ, எழுத்தோ கிடையாது. அறுவடை முடிந்ததும் களத்தில் நெல்லை அளந்து பங்கு பிரிப்பார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த நிலத்தின் ஒவ்வொரு வரப்பும் அவர் கையால் கட்டப்பட்டது. ஆனால் அடங்கலிலும் பட்டாவிலும் என் தந்தையார் பெயர்தான்.

உழுகின்ற குத்தகைதாரரை வெளியேற்றாமல் காக்க 1955-லேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. குத்தகைதாரரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற 1969-ல் மற்றொரு சட்டமும் வந்தது. ஆனால் பதிவு செய்ய வேண்டுமானால் நிலக்காரருக்கு எதிராக மனு எழுத வேண்டும். அண்ணே என்று அழைப்பவருக்கு எதிராக மனு எழுதுவது எப்படி? அந்த மனு எழுதப்படவில்லை. எங்கள் ஊரில் வாரத்துக்கு உழுத பலருடைய நிலையும் இதுவே.

ஆக, நகரம் முதலில் நிலத்தின் உரிமையையும் உழைப்பையும் இருவேறு ஆட்களிடம் பிரித்துக் கொடுத்தது. உரிமை உடையவனுக்கு வயல் ஒரு சேமிப்பு. உழைப்பவனுக்கு அது பிழைப்பு. விலை ஏறியதும் சேமிப்பை எடுத்துச் செலவு செய்வது இயல்புதானே!

பத்திரம் படித்த நாள்

1970-களில் விலை ஏறத் தொடங்கியது. 1971-ல் நகர், ஊரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ்ச் சென்னைப் பெருநகருக்கென ஒரு வளர்ச்சிக் குழுமம் அமைந்தது. முதல் பெருந்திட்டம் 1976-ல் ஒப்புதல் பெற்றது. 1978-ல் மாநகராட்சியின் எல்லை விரிந்தபோது வேளச்சேரியும் மாநகருக்குள் வந்தது. ஊர் அப்படியே இருந்தது. மாடுகள் அதே வழியில் ஏரிக்குப் போயின. எல்லைக் கோடு மட்டும் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. கோடு தாண்டிய மறு ஆண்டே மனைத் தரகர்கள் திண்ணைக்கு வந்தார்கள்.

என் தமக்கையின் திருமணம் நிச்சயமாகியிருந்தது. தந்தையார் விற்க இசைந்தார். அவர் கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர். ஆதலால் பத்திர எழுத்தர் எழுதித் தந்த நகலைப் படித்துக் காட்டும்படி என்னிடம் கொடுத்தார். அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு மாணவன். திண்ணையில் தந்தையார், தரகர், அண்டை வீட்டார் இருவர், ஓரமாக மாமா. நான் உரக்கப் படித்தேன். புல எண், பரப்பு, நான்கெல்லை, கிரயத் தொகை எல்லாம் படித்தபின் வழக்கமான வாசகம் வந்தது. இச்சொத்தில் விற்பவரைத் தவிர வேறு எவருக்கும் யாதொரு பாத்தியதையும் கிடையாது என்றும், குத்தகை முதலிய வில்லங்கம் எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தது. மாணவனுக்கே உரிய மிடுக்குடன் அதையும் தடையின்றிப் படித்தேன்.

படித்து முடித்ததும் மாமா ஒன்றே ஒன்று கேட்டார்: “நிக்கிற பயிர் அறுக்கிற வரைக்கும் தவணை போட்டிருக்கா, தம்பி?”

மீண்டும் ஒருமுறை தேடிப் பார்த்தேன். இல்லை. “அதை வாய்ப்பேச்சாச் சொல்லியிருக்கேன், நீ அறுத்துக்க” என்றார் தந்தையார். அவர் சொன்ன சொல் தவறவில்லை. அந்தப் போகம் முழுவதையும் மாமாவே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அதுதான் அந்த நிலத்தின் கடைசிப் போகம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. எங்கள் ஊரில் ஏட்டுச் சுரைக்காய்தான் கறிக்கு உதவியது; கொடியில் காய்த்தது உதவவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து இக்கல்லூரி வகுப்பறையில் நிலச் சீர்திருத்தப் பாடத்தில் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஆசிரியர் விளக்கிய அன்று, நான் குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

காணியிலிருந்து சதுர அடிக்கு

இனி, நிலம் மனையாகும் கணக்கைப் பார்ப்போம். செங்கற்பட்டுப் பகுதியில் நிலத்தைக் காணிக் கணக்கில் அளப்பது பழைய வழக்கம். ஒரு காணி 24 மனை. ஒரு மனை 2,400 சதுர அடி. அப்படியானால் ஒரு காணி 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். நகரத்தார் ‘கிரவுண்டு’ என்று சொல்வது நம் பழைய மனையைத்தான். ஏக்கருக்கு 100 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

எங்கள் 80 சென்ட் நிலம் 34,848 சதுர அடி. அதாவது பதினான்கரை மனை. மனைப்பிரிவு போடும்போது சாலைக்காக நூற்றுக்கு முப்பது விட்டால்கூடப் பத்து மனை தேறும். வாங்கியவர் எங்கள் வயலோடு அக்கம்பக்கத்து வயல்களையும் சேர்த்து ஒரே மனைப்பிரிவாக்கினார். எல்லாவற்றையும் அவர் தம் பெயருக்கு எழுதிக் கொள்ளவும் இல்லை. சில நிலக்காரரிடம் பொது அதிகாரப் பத்திரம் மட்டும் பெற்று, மனை விற்க விற்க வாங்குவோர் பெயருக்கே நேரடியாக எழுதிக் கொடுத்தார். முத்திரைத்தாள் செலவு ஒருமுறைதான். முதலும் அதிகம் முடங்காது. மனைத் தொழில் சிறு முதலில் பெருகிய வழி இது.

இந்த வணிகத்தின் நுட்பம் அளவையில் இருக்கிறது. நாங்கள் சென்ட் கணக்கில் விற்றோம். ஏழு ஆண்டுகள் கழித்து என் தமையனார் சதுர அடிக் கணக்கில் வாங்கினார். பிற்காலத்தில் அடுக்குமாடி வந்தபோது அளவை மேலும் சுருங்கியது. இன்று வீடு வாங்குவோர் பத்திரத்தில் ‘பிரிக்கப்படாத பாகம்’ என்று எழுதுகிறார்கள். மனையில் அவருக்குச் சில நூறு சதுர அடி உண்டு. ஆனால் அது எது என்று விரலால் சுட்டிக் காட்ட இயலாது. காணி, ஏக்கர், சென்ட், மனை, சதுர அடி, பிரிக்கப்படாத பாகம் என்று அளவை சுருங்கச் சுருங்க விலை வளர்ந்தது.

அங்கீகாரம் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டப்படி மனைப்பிரிவுக்குத் திட்டக் குழுமத்தின் அனுமதி வேண்டும். சாலை அகலம் வேண்டும். பெரிய பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். ஆனால் தமிழ்நாடெங்கும் அனுமதியின்றியே மனைகள் பல்கிப் பெருகின. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதன்பின் 20-10-2016-க்கு முன் உருவானவற்றை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. நோய் முற்றி நாற்பது ஆண்டு கழித்து மருந்து வந்தது எனலாம்.

வாய்க்கால் சாலையானது எப்படி?

தொடக்கத்தில் சொன்ன வடக்கெல்லைக்கு இப்போது வருவோம். பொதுச் சொத்தான வாய்க்காலை ஒருவர் எப்படிச் சாலையாக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். விடை நில அளவைப் பதிவேட்டில் இருக்கிறது.

ஏரியிலிருந்து வரும் பெரிய வாய்க்கால்களுக்குத் தனிப் புல எண் உண்டு. ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று அவை பதிவாகியிருக்கும். அவற்றை அடைத்தால் அது ஆக்கிரமிப்பு. என்றாவது ஒருநாள் மீட்க வழியுண்டு. ஆனால் பெரிய வாய்க்காலிலிருந்து பிரிந்து வயலுக்கு வயல் செல்லும் சிறு கால்கள் பல, பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுபவை. அவற்றுக்குப் புல எண் இல்லை. மாமூல் மட்டும் உண்டு. மேல் வயல்காரர் தம் நிலத்தின் வழியே கீழ் வயலுக்கு நீர் விட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். மேல் வயலும் கீழ் வயலும் ஒரே மனைப்பிரிவுக்குள் வந்த பிறகு அந்த மாமூலைக் கேட்க யாரும் இல்லை. கேட்கக்கூடியவர் மூவர்: நீர்க்கட்டி, கர்ணம், வாரக்குடி. பாசனம் நின்றதால் நீர்க்கட்டிக்கு வேலை இல்லாமற் போயிற்று. கிராமக் கர்ணம், முன்சீப் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டன. பரம்பரைப் பதவியை ஒழித்தது நல்லதே. ஆயினும் அவர்களோடு போன வாய்மொழிக் கணக்கை யாரும் எழுதி வாங்கவில்லை. வாரக்குடிக்கோ பத்திரத்தின்படி பாத்தியதையே இல்லை.

அன்றியும், மனைப்பிரிவு வரைபவருக்கு வாய்க்கால் வசதியான கோடு. நேராக ஓடும், இருபுறமும் வயல், ஆட்கள் நடந்து நடந்து வழியாகவும் பழகியிருக்கும். அதன்மேல் மண்ணைக் கொட்டினால் சாலை. எங்கள் வடக்கெல்லை அப்படித்தான் 20 அடிச் சாலையாயிற்று. சட்டத்தை மீறாமலேயே ஒரு நீர்வழி மறைந்தது. மீறி மறைத்தவற்றை மட்டும் தேடுகிற நமக்கு, மீறாமல் மறைந்தவை கண்ணில் படுவதே இல்லை.

ஏரிக்கு நேர்ந்தது

ஆயக்கட்டு இல்லாத ஏரியை என்ன செய்வது? இது வேளச்சேரியின் கேள்வி மட்டும் அன்று. சென்னைக்கு இது பழைய வழக்கம். இன்றைய தியாகராய நகர், 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியை வற்றச் செய்து உருவாக்கிய நகர். மொகப்பேரில் குடியிருப்புத் திட்டத்தின் பெயரே ‘ஏரித் திட்டம்’. கீழே வயல் இருக்கும்வரைதான் ஏரிக்குக் கணக்கில் பயன் உண்டு. வயல்கள் மனையானதும் ஏரி ‘பாசனத்துக்குப் பயன்படாதது’ ஆகிவிடுகிறது. பயன்படாத இடம் என்றால் வீடு கட்டலாம் என்று பொருள். வெள்ளத்தைத் தாங்குவதும், கிணறுகளுக்கு ஊற்றளிப்பதும் ஏரியின் பயன்களே என்பது எந்தக் கலத்திலும் எழுதப்படவில்லை.

வேளச்சேரி ஏரி 265 ஏக்கர் பரப்புடையதாக இருந்தது. அரசுக் குடியிருப்புத் திட்டங்களுக்கும், சாலைக்கும், ஆக்கிரமிப்புக்கும் போக இன்று எஞ்சியிருப்பது சுமார் 55 ஏக்கர். நீரைப் பெற வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் குப்பை மேட்டாலும் கட்டடங்களாலும் பெரிதும் குறுகிவிட்டது. 2007-ல் அதில் 317 எக்டேர் காப்புக்காடாக்கப்பட்டது, 2022-ல் 1,247.5 எக்டேர் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. எஞ்சியதையேனும் காக்க எழுந்த முயற்சிகள் இவை.

இதற்கிடையே நகரம் விரைந்து வந்தது. 2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கணினித் தொழிலில் சேர்ந்த இளைஞர்களுக்கு அருகில் வீடு வேண்டியிருந்தது. 2007-ல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்தது. தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாயின. அவ்வீடுகளில் பலவற்றுக்குக் கல் சுமந்தவன் என் வகுப்புத் தோழன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், தந்தைக்கு உழ நிலமில்லாமற் போனதும் கொத்தனாருக்குக் கையாளாகச் சேர்ந்து, பின் தானே கொத்தனாரானான். என் தமையனார் வீட்டின் சுவரும் அவன் எழுப்பியதே. தந்தை நாற்று நட்ட அதே இடத்தில் மகன் கடைக்கால் தோண்டினான். பின்னர் ஏரிக்கரைக் குடிசைகள் அகற்றப்பட்டன. அவன் குடும்பத்துக்கு நகரின் தென்கோடியில் ஓர் அடுக்கில் வீடு கிடைத்தது. கூரையிலிருந்து காரை வீட்டுக்குப் போனது முன்னேற்றம்தான். ஆனால் வேலைக்கு வர இரண்டு பேருந்து மாற வேண்டியதாயிற்று.

நீர் வந்த வழி

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. அன்றிரவு என் தமையனார் வீட்டில் இருந்தேன். நள்ளிரவுக்குப் பின் தெருவில் நீர் ஏறியது; விடியுமுன் கூடத்தில் இடுப்பளவு. மொட்டை மாடியில் ஒதுங்கி நின்று பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். நீர் எல்லாத் திசையிலிருந்தும் வரவில்லை. வடக்கே உள்ள அந்த 20 அடிச் சாலை வழியாக, ஏரிப் பக்கமிருந்து, ஒரே ஓட்டமாக வந்துகொண்டிருந்தது. கோயிலைச் சுற்றிய பழைய மேட்டுத் தெருக்களில் நீர் அந்த அளவு நிற்கவில்லை என்று மறுநாள் கேள்விப்பட்டேன். நத்தம் நத்தமாகவே இருந்தது. நஞ்சையும் நஞ்சையாகவே இருந்தது. பெயரை மட்டுமே நாம் மாற்றியிருந்தோம்.

சில வாரங்கள் கழித்துத் தோழன் வீட்டுக்குப் போனேன். மாமாவுக்கு எண்பது வயது கடந்திருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “தண்ணி மதகுப் பக்கமா வந்துதா, மேட்டுத் தெருப் பக்கமா வந்துதா?”

“மதகுப் பக்கம்தான் மாமா.”

“அப்போ அது வழியிலதான் வந்திருக்கு” என்றார்.

அன்று பிற்பகல் முழுவதும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மதகிலிருந்து எத்தனை கால்கள் பிரிந்தன, எந்தக் கால் யார் வயல் வழியே எங்கே சேர்ந்தது, மிகை நீர் எங்கே வடிந்தது என்று அனைத்தையும் சொன்னார். அவர் சொன்னவற்றைப் பழைய நில அளவை வரைபட நகலில் சிவப்பு மையால் குறித்தேன். வரைபடத்தில் இல்லாத ஏழு கால்கள் அதில் ஏறின. எந்த நிலத்தில் அவருக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை என்று நான் உரக்கப் படித்தேனோ, அந்த நிலத்தைப் பற்றி அறிந்தவர் அவர் ஒருவரே. நான் அன்று படித்த வாசகத்தைப் பற்றி அவரிடம் பேச வாயெடுத்தேன். “பொண்ணு கல்யாணத்துக்குத்தானே அண்ணன் வித்தாரு” என்று அவரே முடித்துவிட்டார். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

மழை நிற்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போதும் வேளச்சேரி மூழ்கியது. சாலைகளை மேலும் உயர்த்துகிறோம். சாலை உயர உயர வீடுகள் தாழ்கின்றன. ஒருவர் தம் மனையை மேடாக்கினால் பக்கத்து மனை பள்ளமாகிறது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நகரம் வளரக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. என் தமக்கையின் திருமணமும், என் படிப்பும், ஆயிரக்கணக்கானோரின் சொந்த வீட்டுக் கனவும் அந்த வளர்ச்சியால் நிறைவேறியவை. கிராமத்தில் எல்லாம் இன்பமயமாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நிலத்தை மனையாக்கும்போது காகிதத்தில் இருந்ததை மட்டுமே எண்ணினோம். காகிதத்தில் இல்லாதவை இரண்டு: உழுதவனின் உரிமை, நீரின் வழி. உழுதவன் பேசாமல் போய்விட்டான். நீர் திரும்பி வந்து கேட்டது. வேற்றுமை அவ்வளவே.

இன்று நம் கல்லூரியில் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டக் கிராமங்களிலிருந்து வரும் மாணவர் பலர். 2022-ல் சென்னைப் பெருநகரின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. 1978-ல் எங்களைத் தாண்டிப் போன கோடு இன்று உங்கள் ஊர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. எங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். பட்டாவையும் புல வரைபடத்தையும் இன்று இணையத்திலேயே பார்க்கலாம். வில்லங்கச் சான்று பெறலாம். இவை போதா. இந்தக் கோடை விடுமுறையில் உங்கள் ஊரில் மதகு தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஏரியின் கால்களை அவர் சொல்லச் சொல்ல வரைபடத்தில் குறியுங்கள். எந்தப் புலத்தை உண்மையில் யார் உழுகிறார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்தத் தாளை ஊராட்சியில் ஒரு பிரதியும் கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதியுமாகக் கொடுங்கள். மனைப்பிரிவு வரும் நாளில் வடக்கெல்லை எதுவென்று கேட்க அது உதவும்.

என் வரைபடத்தின் பிரதி ஒன்றை நூலகத்துக்குத் தந்திருக்கிறேன். அதில் சிவப்பு மையால் குறித்த கால்களுக்குக் கீழே, ‘இந்நிலத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழுதவர் சொன்னபடி’ என்று எழுதி, மாமாவின் பெயரைப் போட்டிருக்கிறேன். எங்கள் 80 சென்ட் நிலத்தைப் பற்றிய தாள்களில் அவர் பெயர் இடம்பெற்றிருப்பது அது ஒன்றில்தான்.